கணினியோடு கூட வந்தவை

திருகோணமலைத் துறைமுகத்துக்கு வரும் கப்பல்களின் பத்திரங்களைத் தயாரிக்கும் ஒரு சிறிய முகவர் கந்தோரில் நான் நெடுங்காலம் வேலை செய்தேன். கோதுமை கொண்டுவரும் கப்பலானாலும் சீமெந்து மூலப்பொருள் கொண்டுவரும் கப்பலானாலும் அதன் கடதாசி வேலை முழுவதும் என் மேசைக்கு வந்துதான் போகும். கணினிக்கு ஏதாவது வந்துவிட்டால் அந்தக் கந்தோரில் முதலில் கூப்பிடுவதும் என்னைத்தான். இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. பின்னால் நடந்தது விளங்குவதற்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

பாரிசவாதம் வந்ததும் அந்த மேசையில் இருக்கும்போதுதான். மத்தியானச் சாப்பாட்டுக்கு எழும்புவோம் என்று நினைத்தேன். கையிலிருந்த பேனை தானாகக் கீழே விழுந்தது. பக்கத்து மேசைப் பிள்ளையைக் கூப்பிட வாயைத் திறந்தேன். வந்த சத்தம் எனக்கே தெரியாத ஒரு சத்தம். அவள் என்னைப் பார்த்த பார்வையில்தான் எனக்கு என்னவோ நடந்துவிட்டது என்று புரிந்தது.

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தபோது வலப்பக்கக் கையும் காலும் என் சொல் கேட்பதை நிறுத்தியிருந்தன. பேச்சும் போயிருந்தது. ஆனால் சொற்கள் போகவில்லை. டொக்டர் இதை என் கணவருக்கு விளக்கிச் சொன்னார்: எல்லாம் விளங்கும், வாசிக்க முடியும், மனதுக்குள் வசனம் முழுதாக உருவாகும், நாக்குக்கும் உதட்டுக்கும்தான் கட்டளை போகாது. நான் பக்கத்தில் கட்டிலில் கிடந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். மிகச் சரியாகச் சொல்கிறார் என்று சொல்ல நினைத்தேன்.

இடக்கையால் பேனை பிடித்து எழுதிப் பார்த்தேன். 'ஞ'வும் 'ண'வும் ஒரே மாதிரி நண்டுகளாக ஊர்ந்தன; எழுதியதை என்னாலேயே வாசிக்க முடியவில்லை. கைத்தொலைபேசியைப் பிடிப்பதற்கு ஒரு கை, தட்டுவதற்கு இன்னொரு கை வேண்டும். மேசையில் வைத்துத் தட்டினால் ஒரு எழுத்துக்கு மூன்று எழுத்து விழும். கணினியின் விசைப்பலகைதான் ஒத்துவந்தது. அதன் இடப்பக்கப் பாதி என் இடக்கைக்கு ஏற்கனவே மனப்பாடம். மற்றப் பாதியை அது மெல்ல மெல்லப் பழகிக்கொண்டது. கனடாவில் இருக்கும் மகள், ஊருக்கு வந்த ஒருவரிடம் புது மடிக்கணினி ஒன்றைக் கொடுத்தனுப்பினாள்.

அதில் குரலைக் கண்டுபிடித்தது நான்தான். அந்தக் கணினியோடு கூடவே வந்த பிரவுசரில், பக்கத்தில் உள்ளதைச் சத்தமாக வாசிக்கும் வசதி ஒன்று இருந்தது. குரல்களின் வரிசையில் தேடிக்கொண்டு போனால் தமிழ், இலங்கை, பெண் என்று ஒன்று. நான் ஒரு வரி தட்டி, வாசிக்கச் சொன்னேன்.

"இஞ்சருங்கோ, தேத்தண்ணி தாங்கோ."

வானொலியில் செய்தி வாசிப்பவர் போலத்தான் அந்தப் பெண் சொன்னாள். 'இஞ்சருங்கோ'வை வேறு இரண்டாக உடைத்துவிட்டாள். குசினியில் நின்ற என் கணவர் கையில் கரண்டியோடு ஓடி வந்து வாசலைப் பார்த்தார்.

"ஆர் வந்தது?"

நான் இடக்கையால் என் நெஞ்சைத் தொட்டுக் காட்டினேன். அவர் கதிரையை இழுத்துப்போட்டு இருந்தார். கரண்டியை மேசையில் வைத்தார். பிறகு, "திரும்பச் சொல்லும்," என்றார்.

அதன்பின் எங்கள் வீட்டில் பழையபடி கதை இருந்தது. சொதிக்கு உப்புக் காணாது என்று என்னால் சொல்ல முடிந்தது. சண்டை பிடிக்க முடிந்தது. அந்தப் பெண்ணுக்குக் கோபப்படத் தெரியாது. "நீங்கள் நேற்றும் இதைத்தான் சொன்னீர்கள்" என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டு தட்டினால், அவள் மழை பெய்யும் இடங்களை அறிவிப்பதுபோல வாசிப்பாள். அவர் சிரித்துவிடுவார். எனக்கு இன்னும் கோபம் வரும். ஆனாலும் அது என் குரலாகிவிட்டது.

அந்தக் கணினியோடு கூட வந்தது குரல் மட்டுமில்லை.

நாங்கள் கேட்காத எத்தனையோ அதற்குள் ஏற்கனவே குடியிருந்தன. திரையின் இடது மூலைக்கு அம்பு போனால் போதும், ஒரு செய்திப் பலகை திரையின் பாதியை மூடிக்கொண்டு வெளியே வரும். நடிகைகள், தங்கம் விலை, வயிற்றுக் கொழுப்பைக் குறைக்கும் வழி. விசைப்பலகையின் இடது கீழ் மூலையில் ஒரு விசை. அதில் விரல் பட்டால் இன்னொரு பலகை எழும்பும். அதில் நான் ஒருநாளும் விளையாடாத விளையாட்டுகள் வரிசையாக நிற்கும். உதவியாளன் என்று ஒருவன் இருந்தான். அவன் எங்கிருந்தாவது எட்டிப் பார்த்து, உங்களுக்கு என்ன உதவி செய்யலாம் என்று கேட்பான். இரண்டு கையாலும் வேலை செய்யும் ஒருவருக்கு இவையெல்லாம் சின்னத் தொல்லைகள். ஒரு இடக்கை மட்டும் உள்ளவரின் விரல்களோ முழுநாளும் அந்த இடது மூலையிலேதான் தட்டுப்பட்டுக்கொண்டிருக்கும்.

ஒருநாள் காலையில் அவர் என்னைக் கட்டிலிலிருந்து எழுப்பும்போது வலது தோளில் உயிர் போகிற நோ. அவர் எப்போதும் அந்தக் கையைப் பிடித்துத்தான் இழுப்பார். அப்படிச் செய்யக்கூடாது, முதுகில் கை கொடுத்துத்தான் தூக்க வேண்டும் என்று சொல்ல நினைத்துத் தட்டத் தொடங்கினேன். அவர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு பக்கத்தில் காத்து நின்றார். அடுப்பில் பால் இருந்தது. 'கையைப் பிடித்து' என்பது வரைக்கும் வந்திருப்பேன். விரல் வழுக்கியது. பலகை எழும்பியது. மிச்ச எழுத்துகள் எல்லாம் அந்தப் பலகையின் தேடும் பெட்டிக்குள் போய் விழுந்தன. அதை மூடப் போனால் மூலையிலிருந்த செய்திப் பலகையும் வெளியே வந்தது. அவர் குனிந்து பார்த்தார்.

"ஆருக்குக் கலியாணம்?"

ஒரு நடிகைக்கு. நான் தலையை ஆட்டினேன். பால் பொங்கும் சத்தம் கேட்டு அவர் குசினிக்குப் போய்விட்டார். அடுத்த நாளும் அந்தக் கையைப் பிடித்துத்தான் எழுப்பினார்.

இவற்றைக் கழற்றத் தெரியாதவள் இல்லை நான். கந்தோரில் எத்தனை கணினிகளைத் துப்புரவாக்கியிருப்பேன். ஒரு முழுக் காலையை அதற்கே ஒதுக்கி, ஒரு விரலால் ஒவ்வொன்றாகத் தேடிப் போனேன். விளையாட்டுகள் உடனே போயின. உதவியாளன் போவதற்குக் கொஞ்சம் அடம்பிடித்தான். சிலவற்றுக்கு 'நீக்கு' என்ற சொல்லே மங்கலாக இருந்தது. அழுத்தினாலும் ஒன்றும் நடக்காது. செய்திப் பலகையை வரவிடாமல் அடைத்து வைத்தேன். அன்றைக்குப் பின்னேரம் நான் மகளுக்கு நீளமாக ஒரு கடிதம் தட்டினேன். ஒருவரும் குறுக்கே வரவில்லை.

கொஞ்ச நாள்தான். ஒரு காலை கணினியைத் திறந்தால் அது தன்னைத்தானே புதுப்பித்துக்கொண்டிருந்தது. அணைக்க வேண்டாம் என்று எழுதி ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. நான் வாயில்லாமல் அதன் முன்னால் இருந்தேன். சுற்றி முடிந்ததும் உதவியாளன் மறுபடியும் வந்து, உங்களுக்கு என்ன உதவி செய்யலாம் என்று கேட்டான். விளையாட்டுகள் பழைய இடத்திலேயே நின்றன. திரும்பவும் கழற்றினேன். திரும்பவும் வந்தன. மூன்றாம் முறை நான் மேசையில் கையால் அடித்துவிட்டேன். அதுதான் பிழையாகப் போயிற்று. என் கணவர் அதைப் பார்த்துவிட்டார்.

அவர் பொறுமையான மனிதர். மின்சாரசபையில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். எதையும் கழற்றிப் பூட்டினால் சரிவரும் என்று நம்புகிறவர். அடுத்த நாள் தேத்தண்ணிக் கோப்பையை எடுத்துக்கொண்டு வெளியே போனவர் திரும்பி வந்து, மடிக்கணினியின் வயரைச் சுவரிலிருந்து கழற்றத் தொடங்கினார்.

"ரவுனிலை கொம்பியூட்டர் திருத்திற கடைக்காரரோடை கதைச்சிட்டன். எல்லாக் குப்பையையும் ஒரேயடியாத் துடைச்செடுத்துத் தாறாராம். நீர் இனிக் கஷ்டப்படத் தேவையில்லை."

எனக்கு உடனே விளங்கிவிட்டது. கடைக்காரருக்குக் குப்பை எது, என் குரல் எது என்று தெரியாது. குரல் அந்தப் பிரவுசருக்குள் இருக்கிறது. அந்தப் பிரவுசரும் கூட வந்தவற்றில் ஒன்று. அதை வேண்டாதது என்று கழற்றுகிறவர்கள் நிறையப் பேர் உண்டு. கந்தோரில் நானே கழற்றியிருக்கிறேன். அதை மட்டும் கழற்றாமல் விடச் சொல்லுங்கோ என்று ஒரு வரி தட்டினால் போதும். ஆனால் கணினி ஏற்கனவே மூடப்பட்டு அவருடைய கமக்கட்டுக்குள் இருந்தது.

நான் சத்தம் போட்டேன். எனக்குள் அது முழு வசனம். வெளியில் அது வெறும் சத்தம்.

"என்ன? அவசரமா வருதோ?"

தலையை ஆட்டினேன். பதற்றத்தில் என் தலை எந்தப் பக்கம் ஆடியதோ தெரியாது. அவர் கணினியைக் கட்டிலில் வைத்துவிட்டு, என்னைத் தாங்கிக் கழிவறைக்குக் கொண்டுபோய் இருத்தினார். வராத ஒன்றுக்காக நான் அங்கே இருந்தேன். அவர் வெளியில் நின்று, "ஆறுதலா இரும்," என்றார். திரும்பக் கூட்டிவந்து கதிரையில் இருத்தி, கணினியை எடுத்தபோது நான் அவருடைய சேட்டின் நுனியை இடக்கையால் பிடித்துக்கொண்டேன். எனக்கு இருக்கும் பலம் முழுவதும் அந்தக் கையில்தான். அவர் என் முகத்தைப் பார்த்தார். அவருக்குப் பாவமாக இருந்தது என்று எனக்குத் தெரிந்தது.

"பயப்பிடாதையும். பக்கத்து வீட்டுத் தங்கச்சியை வந்து இருக்கச் சொல்லியிருக்கிறன். நான் கெதியா வந்திடுவன்."

விரல்களை ஒவ்வொன்றாக, நோகாமல், விலக்கினார். வெளியே முச்சக்கர வண்டி காத்து நின்றது. அது ஒழுங்கையின் திருப்பத்தில் ஹோர்ன் அடிப்பது வரை எனக்குக் கேட்டது.

அன்றைக்கு அவர் வெறுங்கையோடு வந்தார். வேலை நிறையவாம், வைத்துவிட்டுப் போகச் சொன்னார்களாம். அடுத்த நாளும் கணினி வரவில்லை. மகள் வீடியோ கோல் எடுத்தபோது அவர் தொலைபேசியை என் முகத்துக்கு நேரே பிடித்தார்.

"அம்மா ஏன் ஒண்டும் சொல்லேல்லை?" என்று அவள் கேட்டாள்.

"அம்மான்ரை மெசினைக் கழுவக் குடுத்திருக்கு," என்று அவர் சொன்னார். அவளும் சிரித்தாள். நான் அவளைப் பார்த்து மெசினைக் காப்பாற்று என்று கண்ணால் சொன்னேன். "அம்மா நல்லாயிருக்கிறா," என்றாள் அவள்.

கணினி திரும்பி வந்த நாள் அவர் குளித்து, வெள்ளைச் சேட் போட்டிருந்தார். அப்படி ஒரு சந்தோசம். மேசையில் வைத்துத் திறந்து காட்டினார்.

"பாரும். ஒரு குப்பையும் இல்லை."

உண்மைதான். வெறும் நீல வானம்போலத் திரை. அம்பை மூலைக்குக் கொண்டுபோனேன். ஒன்றும் எட்டிப் பார்க்கவில்லை. விளையாட்டு இல்லை, உதவியாளன் இல்லை, கலியாணம் இல்லை. தொட்டவுடன் எல்லாம் திறந்தது. இப்படி ஒரு சுத்தமான கணினியை என் வேலைக்காலம் முழுவதும் நான் கண்டதில்லை. பிரவுசர் இருந்த இடத்தில் வேறொரு பிரவுசர் இருந்தது. அதற்கு வாசிக்கத் தெரியாது. எங்கு தேடியும் அந்தப் பெண் இல்லை.

தமிழ் எழுத்துகள் இருந்தன. வெள்ளைப் பக்கமொன்றைத் திறந்து, 'குரல் இல்லை' என்று தட்டினேன். அவர் கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு வந்து குனிந்து வாசித்தார். வாசித்தவர் நிமிரவில்லை. என் தலையை மெல்லத் தடவினார்.

"அது மெல்ல மெல்ல வரும். டொக்டர் சொன்னவர்தானே. இண்டைக்கு ஏன் அதை யோசிக்கிறீர்?"

எனக்குப் பேச்சு போனதை எண்ணிக் கவலைப்படுகிறேன் என்று அவர் நினைத்துவிட்டார். எனக்கு உண்மையாகவே கண்ணீர் வந்தது; அதனால் அவர் இன்னும் அப்படித்தான் நினைத்தார். ஒரு கையால் கண்ணைத் துடைக்கலாம், அல்லது தட்டலாம். நான் தட்டினேன்.

'என்ரை குரல் இல்லை. அந்தப் பொம்பிளையின்ரை குரல்.'

அவர் அதை வாசிக்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. கண்ணாடியைக் கழற்றினார். திரும்பப் போட்டார்.

"அதுவும் இதோடை வந்ததோ?"

ஓம் என்று தட்டினேன்.

"அண்டைக்கு நீர் என்ரை சேட்டைப் பிடிச்சது இதுக்கோ?"

திரும்பவும் ஓம் என்று தட்டினேன். அவர் கதிரையில் இருந்துவிட்டார். அன்றைக்கு அவர் மத்தியானம் சரியாகச் சாப்பிடவில்லை. அவரைத் தேற்ற எனக்கு எத்தனையோ வசனம் மனதில் வந்தது. தட்டி, அவரைக் கூப்பிட்டு, கண்ணாடி போட்டு வாசிக்க வைத்துத் தேற்றுவதில் என்ன இருக்கிறது என்று விட்டுவிட்டேன்.

அடுத்த நாள் என்னையும் கூட்டிக்கொண்டு கடைக்குப் போனார். கடைக்காரர் நாற்பது வயதுக்காரர், கிண்ணியாவிலிருந்து பாலம் தாண்டித் தினமும் வருகிறவர். என்னைப் படியேற்றக் கணவரோடு சேர்ந்து அவரும் பிடித்தார். மின்விசிறிக்குக் கீழே கதிரை போட்டுத் தந்தார். பிறகு கணவரிடம் மெல்லக் கேட்டார்.

"அம்மாக்கு நாம கதைக்கிறது விளங்குமா?"

"எங்க ரெண்டு பேரையும் விட நல்லா விளங்கும்," என்றார் கணவர்.

விசயம் தெரிந்ததும் கடைக்காரரின் முகம் வாடிவிட்டது.

"எனக்குத் தெரியாதே ஐயா. கூட வந்த எல்லாத்தையும் கழட்டச் சொன்னீங்க. நான் வேர்வரைக்கும் கழட்டினன். சும்மா எடுத்தா திரும்ப முளைக்கும் எண்டுதான் அப்படிச் செய்தது."

'உங்களில் பிழை இல்லை. திருப்பிப் போட முடியுமா?' என்று தட்டி, கணினியை அவர் பக்கம் திருப்பினேன்.

அவர் முயன்று பார்த்தார். அந்தப் பிரவுசரை மட்டும் தனியாக உள்ளே எடுக்கக் கணினி சம்மதிக்கவில்லை. வேரோடு பிடுங்கியதால் அது நிற்க இடமில்லை.

"முழுசா அழிச்சுப் புதுசாப் போடவேணும் அம்மா. ஆனா போட்டா, நீங்க வேணாமெண்டது எல்லாமும் சேர்ந்துதான் வரும். ஒண்டை மட்டும் வரச் சொல்ல ஏலாது."

எனக்கு அது தெரியும். 'எல்லாம் வரட்டும்' என்று தட்டினேன்.

பின்னேரம் வரை அந்தக் கடையிலேயே இருந்தோம். வெளியே வெயில். ரோட்டோரத்தில், இந்த ஊருக்குள் மாடுகள்போலத் திரியும் மான்களில் இரண்டு, பழக்கடைக்காரர் எறிந்த தோலைத் தின்றுகொண்டு நின்றன. கணவர் எனக்குக் குளிர்ந்த தண்ணீரைக் கரண்டியால் பருக்கினார். கடைக்காரர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். ஒவ்வொன்றாக எல்லாம் திரும்பி வந்து தங்கள் தங்கள் இடத்தில் இருந்தன. உதவியாளனும் வந்து நலம் விசாரித்தான். கடைசியாகப் பிரவுசர் வந்தது. குரல்களின் வரிசையைத் திறந்தேன். தமிழ், இந்தியா, ஆண். தமிழ், இந்தியா, பெண். அதற்குக் கீழே தெலுங்கு தொடங்கிவிட்டது.

கடைக்காரர் தேடினார். இணையத்தில் யாரோ எழுதியிருப்பதை வாசித்தார். தெரிந்த ஒருவருக்குத் தொலைபேசி எடுத்துக் கேட்டார்.

"அது இதைச் செய்யுற கொம்பனிக்காரங்கட பக்கத்திலேருந்து வரவேணுமாம் அம்மா. நம்மட கையில இல்ல. வந்தாலும் வரும்."

எப்போது என்று கணவர் கேட்டார். கடைக்காரர் கையை விரித்தார்.

வீட்டுக்கு வந்தபின் இந்தியப் பெண்ணை வைத்துச் சில நாள் கதைத்தேன். அவளும் நல்ல குரல்காரிதான். ஆனால் அவள் எங்கள் வீட்டுக்கு விருந்தாக வந்தவள்போல இருந்தாள். அவள் கதைக்கும்போது கணவர் கொஞ்சம் நிமிர்ந்து, மரியாதையாகப் பதில் சொன்னார். அவளை வைத்துச் சண்டை பிடிக்க எனக்கு மனம் வரவில்லை. நான் கதைப்பதைக் குறைத்துக்கொண்டேன். ஒவ்வொரு காலையும் குரல்களின் வரிசையைத் திறந்து பார்ப்பேன். தெலுங்குக்கு மேலே ஒன்றும் சேர்ந்திருக்காது. யாரிடம் கேட்பது, எந்த வாசலில் போய் நிற்பது என்று தெரியவில்லை. எங்கோ ஒரு ஊரில் யாரோ ஒருவர் எதையோ அழுத்தினால் நான் கதைப்பேன். அவருக்கு நான் இருப்பது தெரியாது.

அது ஒரு வசனத்தின் நடுவில்தான் நடந்தது. நான் தட்டிக்கொண்டிருக்கும்போதே திரை இருண்டு, வட்டம் சுற்றத் தொடங்கியது. முன்பு என்றால் மேசையில் அடித்திருப்பேன். இப்போது கணவரைச் சத்தம் போட்டுக் கூப்பிட்டேன். அவரும் வந்து பக்கத்தில் இருந்தார். இரண்டு பேரும் அந்த வட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். துறைமுகத்தில் ஏதோ கப்பல் வெளிக்கிடும் சத்தம் கேட்டது. திரை திரும்பி வந்ததும் முதலில் உதவியாளன். அவனைத் தள்ளிவிட்டுப் போய் வரிசையைத் திறந்தேன். தமிழ், இலங்கை, பெண்.

'கேக்குதோ' என்று தட்டி வாசிக்கவிட்டேன்.

அவர் தலையைச் சாய்த்துக் கேட்டார். நானும் கேட்டேன். ஏதோ மாறியிருந்தது. கொஞ்சம் மெதுவாக, கொஞ்சம் கனமாக இருந்தாள்.

"உமக்குத் தடிமன் பிடிச்ச மாதிரி இருக்கு," என்றார்.

'மாறிவிட்டாள்,' என்று தட்டினேன். அவள் தன்னைப் பற்றித் தானே அப்படி அறிவித்தாள்.

"பரவாயில்லை. பழகலாம்," என்றார் அவர்.

பழகிவிட்டோம். நான் இப்போது எதையும் கழற்றுவதில்லை. மூலையிலிருந்து வருவதை மூடிவிட்டு, விட்ட இடத்தைத் தேடித் தொடர்கிறேன். இதை எழுதி முடிப்பதற்குள் எத்தனை தடவை மூடினேன் என்று எண்ணவில்லை.

போன கிழமை ஒரு புது அறிவிப்பு வந்தது. பக்கம் பக்கமாக ஆங்கிலம். வாசிக்கும் வசதியைத் தொடர்ந்து பயன்படுத்துவதற்கான நிபந்தனைகளை மாற்றியிருக்கிறார்களாம். கப்பல் பத்திரங்களின் சின்ன எழுத்துகளைக்கூட விடாமல் வாசித்த நான், அதில் பாதியையும் வாசிக்கவில்லை. கீழே இரண்டு பொத்தான்கள் இருந்தன: ஏற்கிறேன், பிறகு. வேண்டாம் என்பதற்குப் பொத்தான் இல்லை. நான் பிறகு என்பதை அழுத்தினேன். அடுத்த நாளும் வந்தது, அதையே அழுத்தினேன். இன்று காலை வந்தபோது பிறகு என்ற பொத்தான் இருக்கவில்லை.

கணவர் படலையடியில் சாம்பல்தீவிலிருந்து வரும் மீன்காரரோடு கதைத்துக்கொண்டு நின்றார். அவரைக் கூப்பிட்டுக் கேட்க நினைத்தேன். கேட்பதற்கும் அந்தக் குரல்தான் வேண்டும். ஏற்கிறேன் என்பதை அழுத்தினேன். பிறகு, 'சூடை மீன் எண்டால் வாங்குங்கோ' என்று தட்டி, சத்தத்தை முழுதாகக் கூட்டி வாசிக்கவிட்டேன். படலை வரைக்கும் அது எட்டவில்லை. அவர் பாரை மீனோடு வந்தார்.